மேலேயிருந்து வந்த விளி

இரவு பதினொன்றரை மணி. ஆரல்வாய்மொழி தாண்டி, பெரிய சாலையை விட்டு உள்ளே பிரிகிற ஒரு மண் பாதை. ஆடி மாதம்... கணவாய்க் காற்று. ஸ்கூட்டரில் போகிற ஆளை வண்டியோடு சேர்த்து ஓரத்து உடைமரத்துக்குள் தள்ளிவிடப் பார்க்கிற காற்று. பாதையில் ஒரு விளக்கும் கிடையாது. தலைக்கு மேலே, எவ்வளவு உயரம் என்று கணிக்க முடியாத இருட்டில், சிவப்புப் புள்ளிகள் மட்டும் விட்டுவிட்டு எரிகின்றன. ஒவ்வொரு புள்ளிக்குக் கீழேயும் கரண்ட் எடுக்கிற ஒரு காற்றாடி. வூ...ஷ். வூ...ஷ்.

அந்தப் பாதையில் ஒரு பெண் தனியாகப் போய்க்கொண்டிருந்தாள்.

பெயர் அஜிதா. என் கூட்டாளி ரதீஷின் அக்கா. ரதீஷ் நாளைக்கு இந்த வீட்டுக் கல்யாணத்துக்கு வருவான். நான் ஒரு சொல் கூட்டிச் சொல்லியிருந்தால் அவனிடமே கேட்டுக்கொள்ளுங்கள். கரண்ட் வருகிற மாதிரித் தெரியவில்லை. அந்தப் பெட்ரோமாக்ஸை இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்த்துங்கள். கல்யாணச் சமையலுக்குத் தடியங்காய் நறுக்குகிறவர்கள் விரலைப் பார்த்து நறுக்குங்கள்.

"அந்நேரத்துல ஒரு பொம்பளப் பிள்ளைக்கு அங்கன என்ன சோலி?" என்று காய் நறுக்கிக்கொண்டே டெல்சி கேட்கிறாள்.

சோலிதான். வேறென்ன.

அஜிதா மார்த்தாண்டத்துக்காரி. நாகர்கோவிலில் ஒரு சின்னக் கம்பெனியில் இன்ஜினியர். காற்றாடிகளுக்குள் வைக்கிற கட்டுப்பாட்டுப் பெட்டியைச் செய்யும் கம்பெனி. அந்தப் பெட்டிக்குள் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் இருக்கும். பிரேக், சூடு பார்க்கிற கருவி, காற்றின் வேகம் பார்க்கிற கருவி என்று எல்லாம் அதைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். இன்டரப்ட் என்பார்கள். அஜிதா அதை 'விளி' என்றுதான் சொல்லுவாள், அவர்கள் ஊர்ப் பேச்சு. விளி வந்தால் கம்ப்யூட்டர் கையில் இருக்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு, யார் விளித்தது, என்ன வேண்டும் என்று பார்க்க வேண்டும். இப்போது சமையல்புரையிலிருந்து யாராவது கூப்பிட்டால் நாம் கத்தியை வைத்துவிட்டு எழுந்து போக மாட்டோமா... அதே கதைதான். எந்த விளிக்கு என்ன செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கிற நிரலை வரி வரியாகப் படித்து, இது சரி, இது தப்பு என்று சொல்வது அஜிதாவின் வேலை.

ஒரு காற்றாடி மட்டும் தினமும் நள்ளிரவு தாண்டியதும் தானாக நின்றுகொண்டிருந்தது. அதுவும் ஆடியில், காற்று அள்ளிக்கொடுக்கிற மாதத்தில். கம்பெனியில் வைத்து எத்தனையோ தடவை சோதித்தார்கள். அங்கே ஒரு கோளாறும் இல்லை. நிற்கிற நேரத்தில் அதன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும் என்று முடிவாயிற்று. கூட வர வேண்டியவனுக்குக் காய்ச்சல். மறுநாள் காலையில் ஆயில் மாற்ற அதே காற்றாடியில் ஆட்கள் ஏற வேண்டும். அதனால் அஜிதா தனியாகவே கிளம்பிவிட்டாள்.

காற்றாடிக்குக் கீழே டார்ச்சோடு ஒருவன் நின்றான். விபின். அந்தக் காற்றாடிக் காட்டில் இருக்கிற காற்றாடிகளுக்கெல்லாம் காவலும் அவன்தான், ஓட்டுகிறவனும் அவன்தான்.

"வந்தியளா மேடம்? காத்து கொண்டுபோயிருமோன்னு பயந்துட்டேன்."

இரும்புக் கதவைத் திறந்து உள்ளே விட்டான். நீங்கள் யாரும் காற்றாடித் தூணுக்குள் போயிருக்க மாட்டீர்கள். வட்டமான ஓர் அறை, அவ்வளவுதான். சுற்றிலும் இரும்பு. ஒரு பக்கம் பேனல். சுவரில், பள்ளிக்கூடத்தில் இருக்குமே, அந்த மாதிரி ஒரு கரண்ட் மணி. நடுவில் ஓர் ஏணி நேரே மேலே போகிறது... டார்ச் அடித்தால் கொஞ்ச தூரம் தெரியும், அதற்கு மேலே இருட்டு. கிரீஸ் வாடை. வௌவால் புழுக்கை வாடை. கதவைச் சாத்தியதும் வெளிக்காற்றின் இரைச்சல் அடங்கி, தூண் முழுக்க ஒரே ஊங்காரம்.

அஜிதா ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து லேப்டாப்பைப் பேனலோடு இணைத்தாள். விபின் கதவோரம் நின்றான். உட்காரச் சொன்னாள், உட்காரவில்லை. ஒரு தடவைகூட அவன் ஏணிப்பக்கம் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை என்பதை அவள் கவனித்தாள்.

நேரம் போனது. காற்றாடி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு...

டிர்ர்ர்ர்ர்.

சுவரில் இருந்த மணி ஒரே தடவை அடித்து நின்றது. மேலே எங்கேயோ பிரேக் விழுகிற சத்தம். இறக்கைகளின் சுற்று தளர்ந்து, தளர்ந்து... நின்றுபோனது. ஊங்காரம்கூட இல்லை. காதுக்குள் தன் ரத்தம் ஓடுகிற சத்தம் கேட்டதாம் அவளுக்கு.

"பாத்தியளா?" என்றான் விபின். "தினமும் இதே கூத்துதான்."

எந்த விளி வந்து காற்றாடி நின்றது என்று பார்த்தாள். திரையில் தெளிவாக இருந்தது. சிவப்புப் பொத்தான்.

இறக்கைக்குப் பின்னால், தூணின் உச்சியில், ஒரு பெட்டி போல இருக்கிறதே, அதற்குள் ஆள் நின்று வேலை செய்யலாம். அங்கே ஒரு சிவப்புப் பொத்தான் வைத்திருப்பார்கள். மேலே இருப்பவனுக்கு ஏதாவது ஆபத்து என்றால் அதை அழுத்த வேண்டும். காற்றாடி ஓடினால் நிற்கும். கீழே மணி அடிக்கும்.

"மேல யாராவது இருக்காவளா விபின்?"

"யாருமில்ல மேடம். கதவுச் சாவி என் கையிலல்லா கெடக்கு."

கம்பி எங்கேயாவது லூசாக இருக்கும் என்று அவள் நினைத்தாள். இன்ஜினியர் அப்படித்தான் நினைப்பாள். ஆனால் திரையைப் பார்த்தால்... பொத்தானின் விளி நிற்கவில்லை. வந்துகொண்டே இருந்தது. மணி அடித்தது ஒரே தடவை. விளி மட்டும் மேலும் மேலும் வருகிறது.

பொத்தானை அழுத்தினால் ஒரு விளி, விட்டால் ஒரு விளி. அதனால் எவ்வளவு நேரம் அழுத்திப் பிடித்தது என்றுகூட அவளால் பார்க்க முடியும். லூசான கம்பி கன்னாபின்னாவென்று ஆயிரக்கணக்கில் விளிக்கும். இது அப்படி இல்லை. முதலில் அடுத்தடுத்து, அவசரமாக. பிறகு கொஞ்சம் இடைவெளி. மறுபடி அழுத்தம். பிறகு இன்னும் பெரிய இடைவெளி. அழுத்துகிற பலம் குறைந்துகொண்டே போகிற மாதிரி. கடைசியில் ஒரே ஒரு நீண்ட அழுத்தம்... அதை விடவே இல்லை.

அது ஒரு கை. மனிதக் கை. முந்தின நாளைப் பார்த்தாள். அதற்கு முந்தின நாளைப் பார்த்தாள். ஒவ்வொரு ராத்திரியும் அதே அவசரம், அதே இடைவெளி, அதே கடைசி அழுத்தம்.

அவள் வேலையை விடவில்லை. இத்தனை விளி வருகிறதே, இதெல்லாம் எங்கே போய்த் தொலைகிறது? நிரலைத் திறந்து அந்தப் பகுதியைப் படித்தாள். படித்துக்கொண்டே வந்தவள் ஓர் இடத்தில் நின்றுவிட்டாள். நாலே வரி.

அந்த நாலு வரி என்ன சொல்லிற்று என்றால்... காற்றாடி ஏற்கெனவே நின்றிருக்கும்போது சிவப்புப் பொத்தானிலிருந்து விளி வந்தால், அதை மின்னல், இடியால் வந்த வெறும் இரைச்சல் என்று எடுத்துக்கொள். மணி அடிக்காதே. 'கேட்டுவிட்டது' என்று மட்டும் பொத்தானுக்குப் பதில் சொல்லிவிடு.

எழுதியவன் கெட்டவன் இல்லை. இடி மழைக் காலத்தில் சும்மா சும்மா மணி அடித்திருக்கும், எல்லோரும் திட்டியிருப்பார்கள், அதை நிறுத்த எழுதியிருப்பான். ஆனால் ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். காற்றாடி ஓடும்போது யாரும் மேலே ஏற மாட்டார்கள். ஏறக் கூடாது. நிறுத்திவிட்டுத்தான் ஏறுவார்கள். அப்படியென்றால் மேலே ஓர் ஆள் இருக்கிற நேரத்தில், அவன் எத்தனை தடவை அழுத்தினாலும், கீழே மணி அடிக்கவே அடிக்காது.

அதோடு முடியவில்லை. மேலே பொத்தானுக்குப் பக்கத்தில் ஒரு பச்சை விளக்கு உண்டு. 'கேட்டுவிட்டது' என்ற பதில் போனால் அது எரியும். கீழே கேட்டாயிற்று, ஆள் வருகிறது என்று அர்த்தம். ஒவ்வொரு தடவை அழுத்தும்போதும் அந்த விளக்கு எரிந்திருக்கும்.

அஜிதா மெல்லத் திரும்பினாள்.

"விபின்... இதுல மேல வச்சு யாருக்காவது எதாவது ஆச்சா?"

அவன் கதவில் சாய்ந்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

பொன்னுலிங்கம் என்று ஒரு டெக்னீசியன். தோவாளைக்காரர். இரண்டு வருடத்துக்கு முந்தின ஆடியில், அஜிதா கம்பெனியில் சேருவதற்கு முன்பு, காற்றாடியை நிறுத்திவிட்டுத் தனியாக மேலே ஏறினார். போனைக் கீழே பையில் வைத்துவிட்டார். கீழே காவலுக்கு நின்றது விபின். மணி அடிக்கவில்லை, வேலை இழுக்கிறது போல என்று இருந்துவிட்டான். சாயங்காலமாகியும் வரவில்லை என்று ஏறிப் பார்த்தபோது பொன்னுலிங்கம் அந்த உச்சிப் பெட்டிக்குள் சரிந்து கிடந்தார். நெஞ்சு வலி. கை சிவப்புப் பொத்தான் மேலே விறைத்துப் போயிருந்தது.

காற்றாடிக் கம்பெனியிலிருந்தும் பெட்டி செய்த கம்பெனியிலிருந்தும் அன்றைக்கு ராத்திரியே ஆட்கள் வந்து சோதித்தார்கள். காற்றாடியை ஓடவிட்டு, பேனலில் அந்தப் பொத்தானின் கம்பியைத் தொட்டுப் பார்த்தார்கள். மணி கணீரென்று அடித்தது. மணியில் கோளாறில்லை என்றால் பிறகு யாரிடம் கோளாறு? விபின் தூங்கிவிட்டான் என்று ஊரே சொல்லிற்று. மறுநாள் ஆஸ்பத்திரி வாசலில் வைத்து பொன்னுலிங்கத்தின் மனைவி முத்துக்கனி அவன் முகத்தில் மண்ணை வாரி எறிந்தாள்.

"நான் தூங்கல்ல அக்கா." மேடம் அக்காவாகிவிட்டாள். "சத்தியமாத் தூங்கல்ல. அன்னைக்கு மணி அடிக்கல்ல. ஆனா எல்லாரும் சொல்லிச் சொல்லி... தூங்கிட்டுத்தான் இருந்தேனோன்னு எனக்கே சந்தேகமா ஆயிட்டு."

அஜிதா தன் மேலதிகாரி குமாரதாஸுக்குப் போன் போட்டாள். எந்நேரமானாலும் கூப்பிடு என்று அவர்தான் சொல்லியிருந்தார். இரும்புக்குள் சிக்னல் கிடைக்காமல் கதவைத் திறந்து வாசலில் நின்று, காற்றை மீறிக் கத்திப் பேசினாள். அவர் முழுக்கக் கேட்டார்.

"அந்த நாலு வரியத் தொடாத அஜிதா. தொட்டா, அங்க தப்பு இருந்துதுன்னு நாமளே எழுதிக் கொடுத்த மாதிரி ஆயிரும். நீ கெளம்பி வா. காலைல பேசிக்கலாம்."

"காலைல ஆளு ஏறுது சார்."

"நான் சொல்றது கேக்குதா?"

கேட்டது. போனை வைத்துவிட்டு உள்ளே வந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்தாள். அந்த நாலு வரியையும் அழித்தாள். புது நிரலைக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் ஏற்றினாள்.

ஏற்றி முடித்த உடனே...

டிர்ர்ர்ர்ர். டிர்ர்ர். டிர்ர்ர்ர்ர்ர்ர்.

மணி. அந்த இரும்புக் குழாய்க்குள் அந்தச் சத்தம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அவசர அவசரமாக, அடுத்தடுத்து. விபின் துள்ளி எழுந்தான். பேனலைத் திறந்து, பொத்தானிலிருந்து வருகிற கம்பியைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்துப் பிய்த்தான். கம்பியின் முனை அவன் கையில் இருந்தது. செம்பு மினுங்கியது.

மணி நிற்கவில்லை.

கம்பி இல்லாமல் விளி எப்படி வரும்? அஜிதாவுக்குத் தெரியவில்லை. இன்றைக்கு வரைக்கும் தெரியவில்லை. திரையையே பார்த்தாள். இடைவெளி கூடிக்கொண்டே போனது. ஒரு மணி... நெடிய அமைதி. இன்னொரு மணி... அதைவிட நெடிய அமைதி. பிறகு அந்தக் கடைசி அழுத்தம் வந்தது.

டிர்ர்ர்ர்ர்ர்ர்ர்ர்ர்ர்...

விடவே இல்லை. அஜிதா பையைத் தூக்கிக்கொண்டு கதவுக்கு ஓடினாள். "வாடே! வெளிய வா!" என்று கத்தினாள். விபின் அவளோடு வரவில்லை. இரண்டு வருடமாக நிமிர்ந்து பார்க்காத அந்த ஏணிப்பக்கம் போனான். அடியில் நின்று, இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டு, மேலே இருட்டைப் பார்த்தான்.

"அண்ணாச்சி!" குரல் தூணுக்குள் ஏறிப் போனது. "அண்ணாச்சி, கேட்டுட்டு! நான் விபின். இங்கனதான் நிக்கேன். கேட்டுட்டு அண்ணாச்சி... பைய எறங்கி வாருங்க!"

மணி நின்றது.

ஒன்றுமில்லை. சும்மா அமைதி. அஜிதாவின் மூச்சு அவளுக்கே பெரிதாகக் கேட்டது.

பிறகு மேலே, வெகு உயரத்தில்... டங்.

இரும்புப் படியில் பூட்ஸ் வைக்கிற சத்தம். டங்... டங்... நிதானமாக. நடுவில் நின்று, மூச்சு வாங்குகிற மாதிரி ஓர் இடைவெளி. மறுபடி டங். ஏணி அதிர்ந்தது, விபினின் கைகளும் சேர்ந்து அதிர்வதை அவள் பார்த்தாள். அவன் கையை எடுக்கவில்லை. அழுதுகொண்டே நின்றான். சத்தம் அவன் தலைக்கு நேர் மேலே வந்தது. அவன் ஏணியை விட்டு, ஓர் ஆளுக்கு இடம் விடுகிற மாதிரி விலகி நின்றான்.

கடைசிப் படி. டங்.

ஒருவரும் இல்லை. கிரீஸ் வாடையும், வெயிலில் வெந்த சட்டையின் வியர்வை வாடையும் மட்டும் அஜிதாவின் முகத்துக்கு அருகே கடந்துபோயின. வெளிக்காற்று எவ்வளவு வேகம் என்று சொன்னேன்... கதவு அந்தக் காற்றுக்கு எதிராகத் தானாக அகலத் திறந்தது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. யாரோ பைய மூடுகிற மாதிரி, சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது.

அன்றைக்குப் பிறகு அந்தக் காற்றாடி ராத்திரியில் நிற்கவில்லை.

விடிந்ததும் ஏற வந்த ஆட்களை அஜிதா தடுத்து, கம்பியைத் திரும்ப மாட்டி, காற்றாடி நின்ற நிலையில் மணி அடிப்பதை உறுதி செய்த பிறகுதான் ஏறவிட்டாள். காற்றாடிக் கம்பெனிக்காரர்களுக்கு அவளே எல்லாவற்றையும் எழுதி அனுப்பினாள். குமாரதாஸ் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார். வேலை போகும் என்றுதான் அவள் இருந்தாள். போகவில்லை, ஆனால் இந்த விஷயத்தை யாரும் அங்கே வாய்திறந்து பேசுவதில்லையாம்.

முத்துக்கனியிடம் சொல்ல வேண்டுமா, வேண்டாமா என்றுதான் அவளுக்கு உறக்கம் வரவில்லை. பொத்தானை அழுத்தக்கூட நேரமில்லை, உயிர் உடனே போய்விட்டது என்று பிற்பாடு சொல்லித்தான் அந்தம்மாவைத் தேற்றியிருந்தார்கள். இப்போது போய் என்னவென்று சொல்வது? கடைசியில் விபினையும் கூட்டிக்கொண்டு தோவாளைக்குப் போனாள். விபின் வாசலோடு நின்றுவிட்டான். முத்துக்கனி நெற்றியில் நாமத்தோடு தரையில் உட்கார்ந்து பிச்சிப்பூ கட்டிக்கொண்டிருந்தாள். அஜிதா நான் இன்னார் என்று சொல்லி முன்னால் உட்கார்ந்தாள்.

முத்துக்கனி பூவிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாளாம்.

"எவ்வளவு நேரம் கூப்பிட்டாவ மக்கா?"

யாரும் அவளிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

"கொஞ்சம் அதிக நேரம்தான் அம்மா," என்றாள் அஜிதா. பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஆனா மேல பச்ச வெளக்கு எரிஞ்சிட்டே இருந்திருக்கும். ஆளு வருதுன்னு நெனச்சுட்டுத்தான் இருந்திருப்பாவ."

அது ஆறுதலா, அதைவிடப் பெரிய கொடுமையா... அஜிதாவுக்கு இன்னும் பிடிபடவில்லை. முத்துக்கனியின் விரல் நாரில் முடிச்சுப் போட்டுக்கொண்டே இருந்தது. வெகுநேரம் கழித்து வாசலைப் பார்த்தாள்.

"வெயில்ல நிக்கான் பாரு. உள்ள வரச் சொல்லு அவன."

இத்தோடு முடிந்திருந்தால் நான் இந்த ராத்திரியில் இதை எடுத்திருக்கவே மாட்டேன்.

திருத்திய நிரலைக் கம்பெனி மற்றக் காற்றாடிகளுக்கும் ஏற்ற வேண்டியதாயிற்று. போன வாரம்தான் ஏற்றி முடித்தார்கள். அன்றைக்கு ராத்திரி அதே காட்டின் கிழக்குக் கடைசியில், புதிதாக எழுப்பிய ஒரு காற்றாடியில் மணி அடித்தது.

விபின் ஓடினான். பூட்டைத் திறந்து உள்ளே போனான். ஏணிக்கு அடியில் நின்று, கேட்டுட்டு, எறங்கி வாருங்க என்று தொண்டை கிழியக் கூப்பிட்டான். மணி நிற்கவில்லை. கம்பியைப் பிடுங்கினான். நிற்கவில்லை. அஜிதா வீட்டிலிருந்தபடியே லேப்டாப்பில் பார்த்தாள். பொன்னுலிங்கத்தின் கை இல்லை இது. வேறு கை. இடைவெளியே இல்லாமல், பயந்து, படபடவென்று அழுத்துகிற கை.

விடியும் வரைக்கும் அடித்தது. விடிந்ததும் ஏறிப் பார்த்தார்கள், மேலே யாருமில்லை. மறுநாளும் அடித்தது.

விபின் அந்தக் காட்டில் வேலை பார்த்த அத்தனை பேரையும் தேடிப்பிடித்து விசாரித்துவிட்டான். எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்.

அந்தக் காற்றாடியில் இதுவரைக்கும் யாரும் சாகவில்லை.